கொடைக்கானல் சைக்கிள் ஏற்றம்: ஏறியதோடு முடித்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதை சைக்கிள் நிகழ்ச்சி எங்கே நடந்தாலும் மறுநாள் பத்திரிகையில் ஒரே மாதிரிப் படம்தான் வருகிறது. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த இளைஞர், கழுத்தில் பதக்கம், கீழே 'விடாமுயற்சி' என்று ஒரு வரி. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உழைப்பின் பெரும்பங்கு அந்தப் படத்துக்கு முந்தைய மூன்று மாதங்களிலும், படம் எடுத்து முடிந்த பிறகு வரும் இரண்டு மணி நேரத்திலும் இருக்கிறது. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிளில் ஏறும் ஆர்வம் பரவிவருவதால், கலந்துகொள்கிறவர்களும் நடத்துகிறவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நிகழ்ச்சியைக் கொடைக்கானலில் முடித்துவிடுங்கள், இறங்கும்போது ஆட்களை வேனிலும் சைக்கிள்களை லாரியிலும் அனுப்புங்கள்.

பாதையைப் பார்ப்போம். மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். சமயநல்லூர், வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று சமவெளியில் போனால் காட்ரோட்டில் மலை தொடங்கும். அங்கிருந்து டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர் வழியாக ஏறக்குறைய 50 கி.மீ. ஏற வேண்டும். சராசரிச் சரிவு நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர்தான். பிரான்சில் புகழ்பெற்ற அல்ப் துவெஸ் ஏற்றம் 13.8 கி.மீ. நீளம், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரிச் சரிவு 8.1. அதன் பக்கத்தில் வைத்தால் நம் கொடைமலை சாதுவாகத் தெரியும். ஏமாறுவது அதில்தான். செங்குத்தான மலை முதல் இரண்டு கி.மீ.க்குள் ஆளை அடக்கிவிடும். கொடைப் பாதை அடக்காது. விட்டுக்கொடுத்துக்கொண்டே போய், ஊத்து தாண்டிய பிறகு கணக்குத் தீர்க்கும். டம்டம் பாறை வரை ஆசைக்கு மிதித்தவர்களைப் பண்ணைக்காடு பிரிவில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த நிலையில் பார்க்கலாம். முதல் 20 கி.மீ.யில் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பயிற்சிக்கு மதுரைக்குள் மலை இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகளோடு நல்ல ஏற்றம் இருக்கிறது. சமவெளியில் நூறு கி.மீ. ஓட்டிவிட்டேன் என்பது மலைக்குப் பாதித் தகுதிதான். சமவெளியில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருளும், கால் ஓய்ந்துகொள்ளும். மலையில் நிறுத்தினால் நின்றுவிடும். ஒரு மணி நேரம் இடைவிடாமல் மிதிக்கும் பழக்கம் வந்த பிறகே கொடைக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பல்சக்கரம். கடைகளில் கிடைக்கும் பல ரோடு சைக்கிள்களில் முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். மிதியை ஒரு முறை சுற்றினால் வண்டி சுமார் 2.55 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 9 கி.மீ.க்குச் சற்று மேல். காலையில் இது போதும். உச்சி வெயிலில், ஆறாவது மணி நேரத்தில் வேகம் 7 கி.மீ.க்கு இறங்கும்போது அதே பல்லில் நிமிடத்துக்கு 46 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும். முட்டிக்குக் கீழே வலி தொடங்கும். பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்தில் 55 சுற்று கிடைக்கும், முட்டி பிழைக்கும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மலிவான கியர் சைக்கிளில் முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் இருப்பதால், விலை உயர்ந்த வண்டியைவிட அது நிதானமாக ஏறிவிடும். எடை கூடுதல்தான். ஆனால் ஆளும் வண்டியும் தண்ணீருமாக 83 கிலோ இருந்தால், ஒரு கிலோ குறைப்பதால் ஆறு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது நாலைந்து நிமிடம். அந்த ஒரு கிலோவுக்காகப் பல்லாயிரம் செலவழிக்கிறவர்கள், சில ஆயிரத்தில் மாற்றக்கூடிய கேசட்டை, அதாவது பின்சக்கரப் பல்சக்கர அடுக்கை, மாற்றுவதில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது உண்டு. 34 பல் கேசட்டுக்குப் பெரும்பாலும் நீண்ட கூண்டுள்ள பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) வேண்டும். பழைய செயின் நீளம் போதாது. முன்னால் பெரிய சக்கரத்திலும் பின்னால் பெரிய சக்கரத்திலும் செயினை டீரெய்லர் வழியாக விடாமல் நேராகச் சுற்றி அளந்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி சேர்த்துக்கொள்ள வேண்டும். அளக்காமல் விட்டால், களைப்பில் தவறுதலாகப் பெரியதும் பெரியதுமாக கியர் விழுந்தவுடன் செயின் இறுகி, டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்துவிடும். டீரெய்லர் உள்பக்கமாக எவ்வளவு நகரலாம் என்று கட்டுப்படுத்தும் திருகாணியும் முக்கியம். அது தளர்ந்திருந்தால் செயின் கடைசிப் பல்லைத் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் விழும். கியர் இறக்கிய நொடியில்தான், அதாவது செங்குத்தான இடத்தில்தான் இது நடக்கும்.

செயின் தேய்மானத்தை இரும்பு அளவுகோலால் பார்க்கலாம். 24 கண்ணிகள் ஊசி நடுவிலிருந்து ஊசி நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் கேசட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த கேசட்டில் புதுச் செயின் மட்டும் போட்டால், எழுந்து நின்று அழுத்தும்போது பல் தாவும், ஆள் கம்பி மேல் விழுவார். அதனால் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் எதையும் புதிதாக மாட்டக் கூடாது. பத்து நாள் முன்பே மாற்றி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள். டியூப் மாற்றி ஐந்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்குகிறதென்றால், முள் டயரிலேயே இருக்கிறது. புது டியூப் போடுமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் துடைத்துப் பாருங்கள். முள் துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவினால் விரலில் மாட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் மதுரைக்காரர்களுக்குச் சொல்வது கொஞ்சம் கசக்கும்: முந்தின இரவு புரோட்டா சால்னா வேண்டாம். எண்ணெயும் மசாலாவும் காலை நாலு மணிக்கும் வயிற்றிலேயே இருக்கும். சோறு, இட்லி, ரசம் போதும். மேலே சொன்ன 83 கிலோவை 1,750 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் உடல் சுமார் 1,500 கிலோகலோரி எரிக்கிறது. சமவெளியில் ஓட்டிய 65 கி.மீ. தனி. தசையிலும் ஈரலிலும் இருக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு மொத்தம் 1,600 முதல் 2,000 கிலோகலோரிதான். ஆகவே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுத்தர ரோபஸ்டா பழம் ஒன்றில் சுமார் 25 கிராம்; சிறுமலைப் பழம் சின்னது, பாதியாகக் கணக்கிடுங்கள். விதை நீக்கிய சிறிய பேரீச்சம்பழம் ஒன்றில் 5 கிராம். கடலை மிட்டாய் சுவையானது, ஆனால் அதில் கொழுப்பு அதிகம், மெதுவாகச் செரிக்கும்; ஏற்றத்துக்கு முன்னால் சமவெளியில் தின்னலாம். பசித்த பிறகு தின்பது தாமதம். முதல் அரை மணியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தண்ணீரில் இரண்டு விதத் தவறு நடக்கிறது. குடிக்காமல் விடுவது எல்லாருக்கும் தெரிந்தது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் சோடியம் போகிறது. வெறும் தண்ணீர் ரத்தத்தில் இருக்கும் சோடியத்தை நீர்க்கச் செய்துவிடும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பேச்சுக் குழறல் என்று அது வளரும். அப்படிப்பட்டவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு, உப்புக்கு ஈடாகாது. உப்புப் போட்ட நீர்மோர் அதைவிடப் பொருத்தம். ஓ.ஆர்.எஸ். பொடி சரியான தேர்வு, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்தால். சைக்கிள் பாட்டில் 600 அல்லது 750 மில்லி பிடிக்கும். முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்டினால் கரைசல் தடித்து, தாகமும் குமட்டலும் கூடும். நீர்ப்பந்தலிலேயே 20 லிட்டர் கேனில் 20 பொட்டலம் கரைத்து வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

நீர்ப்பந்தல் என்றதும் நடத்துகிறவர்களின் வேலைக்கு வருகிறோம். உண்மையான அர்ப்பணிப்பு என்று எதையாவது சொல்வதானால் அது இங்கேதான். படத்தில் வராதவர்களும் இவர்கள்தான். நூறு பேர், ஏற்றத்தில் ஆறு மணி நேரம், ஆளுக்கு மணிக்கு 750 மில்லி என்றால் 450 லிட்டர். தலையில் ஊற்ற, கை கழுவ என்று சேர்த்து 30 கேன் வேண்டும். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், பாட்டில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவது நடக்காது. கேனுக்குக் குழாய் பொருத்திய நிறுத்தியும், ஓட்டுபவர் கையில் சொந்தப் பாட்டிலும் கட்டாயம். உதவி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அன்று அதிகாலையில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டு நிற்கும் கூத்து வேண்டாம்.

பந்தல்கள் 10 அல்லது 12 கி.மீ.க்கு ஒன்று. வாழைத்தாரை டம்டம் பாறைக் காட்சிமுனையிலோ வெள்ளி நீர்வீழ்ச்சி எதிரிலோ தொங்கவிட்டால் குரங்குகள் முதலில் பந்தியில் உட்காரும். ஓட்டுபவர் கையிலிருந்தே பறிக்கும், விழுவார்கள். சுற்றுலாக் கூட்டம் நிற்கும் இடத்தை விட்டு ஒரு கி.மீ. தள்ளிப் பந்தல் போடுங்கள், பழத்தை மூடிய பெட்டியில் வையுங்கள்.

ஒவ்வொரு பந்தலிலும் மூன்று பேர் வேண்டும்: தண்ணீர் ஊற்ற ஒருவர், எண்ணும் நேரமும் எழுத ஒருவர், முகம் பார்க்க ஒருவர். மூன்றாமவரைத்தான் எல்லாரும் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். வருகிறவரிடம் 'அடுத்த பந்தல் எங்கே?' என்று கேட்க வேண்டும். தடுமாறிப் பதில் சொன்னால், வழக்கத்துக்கு மாறாகக் கோபப்பட்டால், உடம்பு கொதித்தால், அவருடைய பயணம் அங்கேயே முடிந்தது. நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். குளிர்விப்பதை ஆம்புலன்ஸ் வரும்வரை ஒத்திப்போடக் கூடாது.

எண் எழுதுவது காகிதத்தில் இருக்கட்டும். மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. கைப்பேசிக் குழுவை நம்பினால் ஆள் கணக்கு தப்பும். கீழ்ப்பந்தலை விட்டுப் போனவர்கள் எத்தனை, மேல்பந்தலுக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை என்று இரண்டும் ஒத்த பிறகே மேல்பந்தலைக் கலைக்க வேண்டும். கடைசி ஆளின் பின்னால் வரும் வண்டி ஒருபோதும் அவரைத் தாண்டக் கூடாது. அதுவும் ஒன்று போதாது. ஒருவரை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு அரசு மருத்துவமனைக்கு இறங்கினால், மேலே இருக்கும் பத்துப் பேருக்குப் பின்னால் யாருமே இல்லை. இரண்டு வண்டி வேண்டும்.

நேர எல்லையை வைப்பதில் நடக்கும் பிழை வேறு. நேர எல்லைக்குள் முடிக்க வேண்டிய, பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம் என்பது உலகெங்கும் உள்ள விதி. அதன் சராசரியான மணிக்கு 15 கி.மீ.யை அப்படியே எடுத்து மலைக்குப் போட்டுவிடுகிறார்கள். மலையில் கடைசி வரிசை மணிக்கு 8 கி.மீ. வேகத்தில்தான் வரும். காலை 4 மணிக்கு மதுரையில் கிளம்பினால் காட்ரோட்டுக்கு ஏழே கால். ஏற்றம் ஆறே கால் மணி நேரம், பந்தல்களில் முக்கால் மணி நேரம். கொடை சேர இரண்டே கால் ஆகிவிடும். பெருமாள்மலைக்கு மேலே பிற்பகலில் மூடுபனி இறங்குவது வழக்கம். எனவே காட்ரோட்டை எட்டு மணிக்குள் தாண்டாதவரை அங்கேயே நிறுத்துவதுதான் கருணை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, ஏப்ரல் மே மாதங்களில் வாகன நெரிசலும் கோடை இடியும். ஜனவரி, பிப்ரவரியை விட்டால் தேதி கிடையாது.

இப்போது இறக்கம். 83 கிலோ எடை, நூற்றுக்கு ஏழு சரிவுள்ள துண்டில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் ஏறத்தாழ 630 வாட் ஆற்றல் வெளிப்படுகிறது. காற்றுத்தடை அதில் பாதிக்கும் குறைவாகவே வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக இறங்கும். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி, டியூபில் பழைய பஞ்சர் ஒட்டு இளகிக் கழன்றுகொள்ளும். கார்பன் ரிம் இருந்தால் கார்பன் இழைகளை ஒட்டிப் பிடிக்கும் பிசினே மென்மையாகிவிடும். மலையில் மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதல் சில சுற்றுகளில் பிடிக்கவே பிடிக்காது. டிஸ்க் பிரேக்கிலும் கவலை இல்லாமல் இல்லை. பல டிஸ்க் தகடுகள் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5-க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். பேடில் உராயும் பகுதி அரை மி.மீ.க்கு வந்துவிட்டால் கொடை இறக்கத்துக்கு ஆகாது. சில டிஸ்க் பிரேக்குகளின் குழாயில் இருக்கும் டாட் வகை பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பிரேக் லீவர் கைப்பிடி வரை வெறுமனே போய் ஒட்டும்.

இறங்கத் தெரிந்தவர்கள் பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வருவதில்லை. வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் பலமாக, குறுகிய நேரம் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, விட்டுவிட்டுத் திரும்புவார்கள். வெளிப்பக்க மிதி கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். கொண்டை ஊசி வளைவின் உள்மடிப்பில் பேருந்துகள் சிந்திய டீசலும் மணலும் இருக்கும். எதிரே ஏறிவரும் பேருந்து வளைவில் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழியும் இல்லை. விடியலிலும் அந்தியிலும் பனிக்குள் காட்டுமாடு நிற்கும்.

இவ்வளவையும் தெரிந்தவர்கூட ஒன்பது பத்து மணி நேரம் மிதித்த பிறகு செய்ய முடியாது. கொடைக்கும் மதுரைக்கும் உயர வேறுபாட்டால் மட்டும் பதின்மூன்று டிகிரி குளிர் கூடுதல். வியர்வையில் நனைந்த பனியனோடு மலையிறக்கக் காற்றில் இறங்கினால் கால் மணியில் விரல் மரத்துவிடும். மரத்த விரலுக்கு லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. இறங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் கையுறையும் காற்றுத்தடுப்புச் சட்டையும் எடுத்துச் செல்லட்டும். அதுவும் இல்லையென்றால் பழைய ஐரோப்பியப் பந்தயக்காரர்களின் வழி இருக்கிறது: நெஞ்சுக்கும் பனியனுக்கும் நடுவே நாளிதழ்த் தாள் இரண்டு மடித்து வைப்பது. உங்கள் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

ஒரே நாளில் 170 கி.மீ.க்கு மேல் தூரமும் சுமார் 5,000 மீட்டர் ஏற்றமும் கொண்ட பிரான்சின் லா மார்மோட் நிகழ்ச்சியில், கிளாண்டோன் கணவாயின் இறக்கத்துக்கு நேரம் கணக்கில் எடுப்பதில்லை. வேகமாக இறங்கினால் லாபம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே ஆல்ப்ஸ் மலையில் பழகியவர்களுக்கே அந்த ஏற்பாடு என்றால், சமவெளியில் பயிற்சி எடுத்து, ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா நெரிசலில் இறங்கும் நமக்கு லாரி அதிகப்படியா?

செலவு என்பார்கள். டீ-ஷர்ட்டையும் பதக்கத்தையும் விட்டுவிட்டால் லாரி வாடகையில் பெரும்பகுதி தேறும். நூறு சைக்கிளுக்குக் குட்டியானை வண்டிகள் எட்டு வேண்டியிருக்கும். இரண்டு பெரிய லாரி பிடிப்பது சுலபம். சைக்கிள்களை நிற்க வைத்து, ஒன்றின் ஹேண்டிலும் மற்றொன்றின் சீட்டுமாக மாற்றி மாற்றி அடுக்கி, நடுநடுவே சணல் சாக்கு விட வேண்டும். டீரெய்லர் உள்ள வலப்பக்கம் இன்னொரு வண்டியின் மிதியோடு உரசக் கூடாது. ஹேங்கர் வளைவது பெரும்பாலும் லாரியில்தான். கயிற்றைச் சீட்டுத் தண்டிலும் சக்கரத்திலும் கட்டுங்கள், கேபிள் ஓடும் குழாயில் கட்டாதீர்கள். டிஸ்க் பிரேக் வண்டியின் சக்கரத்தைக் கழற்றினால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை செருக வேண்டும். இல்லாவிட்டால் யாராவது லீவரைத் தொட்டதும் பேடுகள் ஒட்டிக்கொண்டு, மதுரையில் சக்கரம் மாட்ட முடியாமல் நிற்க வேண்டிவரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப்பட்ட நிகழ்ச்சி பற்றிச் செய்தி போடும்போது முதலில் வந்தவரின் நேரத்தோடு மூன்று எண்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்: கடைசியாக வந்தவரின் நேரம், வழியில் வேனில் ஏற்றப்பட்டவர்கள் எத்தனை பேர், சைக்கிளிலேயே இறங்கியவர்கள் எத்தனை பேர். பந்தலில் காகிதத்தில் எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
மலைப்பாதை சைக்கிள் நிகழ்ச்சிகளின் தன்னார்வலர்கள் சிலர்,
மதுரை.